சூளவையில் விளக்குகள் அவிந்த காரணம்

இவ்வோலை எழுதப்பெற்றபோது ஆம்பல்நாட்டு மந்திர மண்டபத்தில் இருந்தோர்: அரியணையில், வரியாற்றின் கீழ்க்கரை முழுதும் ஆளும் அரசி நிறைமதி நாச்சியார், அவருக்கு வலப்பக்கம், அரசியின் தந்தைக்குத் தமையனும் அக்குலத்தின் மூப்பருமான நெடுங்கோ வேளார், எதிரே அரண்மனை மருத்துவர் அழிசியார், வாயிலருகே விளக்குக்கோல் ஏந்தும் பூதன், தரையில் எழுத்தாணியோடு ஓலைக்காரர் கீரனார். வேறெவரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது. சொல்பவர் வேளார், எழுதுபவர் கீரனார்.

மேல்கரைக்கு உரியவரும், மலைக்கு மதில் எடுத்தோர் மரபில் வந்தவரும், கடுங்கல்நாட்டு மன்னருமாகிய மாவேள் கோவரையர் திருமுன் இவ்வோலை சென்று சேர்க. தங்கள் மலைகளில் மழை பொய்யாது பெய்க. தங்கள் ஆநிரை பெருகுக. தங்கள் வாயில் விளக்கு என்றென்றும் அணையாதிருக்க. இந்தக் கடைசி வாழ்த்தை வேளார் வேண்டுமென்றே சேர்க்கச் சொன்னார். காரணம் தாங்கள் அறிவீர்கள்.

தங்கள் ஓலை வந்து சேர்ந்தது. ஆற்றுநீருக்காக எம் அரசி உரைக்கவேண்டிய உறுதிமொழியாகிய சூளைக் கேட்க வந்த தங்கள் தூதர் பொறையன் சாத்தனார் கண்ணெதிரே எம் அவையின் விளக்குகள் அவிக்கப்பட்டன என்றும், அது கடுங்கல் குலத்துக்கு இழவு கூறிய செயல் என்றும் அதில் கண்டோம். அரசிமேல் தெய்வம் ஏறியதாக வேளாரே சொன்னார் என்றும், தெய்வம் ஏறியவர் வாய்ச்சூள் தங்கள் நாட்டில் செல்லாது என்றும், ஆகவே அரியணையில் வேறொருவரை அமர்த்தாவிட்டால் வரும் அமாவாசையன்று மதகு அடைபடும் என்றும் கண்டோம். கீழ்க்கரை வயல்களில் கதிர் பால் பிடிக்கும் வேளை இது. மதகடியில் தங்கள் வேலாட்கள் பாசறை அடித்திருப்பதும் எமக்குத் தெரியும். வேளார் அந்த ஓலையை நின்றபடியே கேட்டார். கேட்டு முடிந்த பிறகும் உட்காரவில்லை.

நடந்தது இது.

சூள் நாளன்று இந்நாட்டு அரசர் முந்தைய மாலை முதல் பட்டினி இருப்பது முறை. தம் தந்தையும் தம்பியும் அப்படி இருந்ததை வேளார் கண்ணால் கண்டவர். அன்று காலை அரசி எழுந்தது முதலே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். பிடரி மரம்போல இறுகியிருந்தது. அந்த அடையாளங்கள் எதற்கு முன்னோடி என்று அவருக்குத் தெரியும். ஒரு குவளைக் கஞ்சி கேட்டார்.

"சூள் முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது, அம்மா. உன் அப்பன் கேட்டானா?" என்று வேளார் மறுத்தார். அரசி அதற்குமேல் கேட்கவில்லை.

மண்டபத்தில் நூற்றுத்திரி விளக்குகள் வரிசை வரிசையாக எரிந்தன. தூபக்கால்களில் அகில் புகைந்தது. முரசு முழங்கியது. தங்கள் தூதர் தங்கள் விருதுப் பெயர்களை ஒவ்வொன்றாக ஓதினார். அவை நிறைய இருந்தன. பாதி ஓதும்போதே அரசியின் கண்ணோரத்தில் கருக்கரிவாளின் பல்வரிசைபோல ஓர் ஒளி வளைந்து வளைந்து துடிக்கத் தொடங்கியது. அது பெரிதாகிக்கொண்டே வந்து தூதரின் முகத்தில் பாதியை விழுங்கிவிட்டது. மீசையின் ஒரு பக்கம் மட்டுமே பேசிக்கொண்டிருந்தது. மறுமொழியாகச் சொல்லவேண்டிய வாழ்த்து அரசிக்கு மனப்பாடம். ஆயினும் சொற்கள் அழைத்த வரிசையில் வரவில்லை. அதன்பின் வலி, இடப் பொட்டில் ஆணி இறங்குவதுபோல இறங்கியது.

அரசி இடக்காதின் தோட்டைத் தொட்டார்.

அந்தத் தொடுகைக்கு ஒரு பொருள் உண்டு. அரசி தோட்டைத் தொட்டால் பூதன் ஓரத்து விளக்குகளில் ஒன்றிரண்டைத் தாழ்த்தவேண்டும்; அவையில் எவரும் கவனிக்கக்கூடாது. இந்த ஏற்பாட்டைச் செய்தவர் வேளார். அக்குலத்தில் எவருக்கும் தலை வலித்ததில்லை. அதாவது, வலித்ததாக எவரும் வெளியே சொன்னதில்லை. அப்படியே இருக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். பூதனோ அன்று ஒன்றிரண்டோடு நிற்கவில்லை. முன்வரிசை முழுதையும் அவித்தான். அடுத்த வரிசையையும் அவித்தான். மண்டபம் பாதி இருண்டது.

ஏன் அப்படிச் செய்தாய் என்று பிறகு கேட்டதற்கு அவன் சொன்னதை அப்படியே எழுதும்படி ஆணை: "அம்மா மொகத்தப் பார்த்தேங்க. சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போச்சு. கோலு பாட்டுக்கு அணைச்சுக்கிட்டே போயிருச்சு. கடுங்கல்காரவுகளுக்கு வெளக்குன்னா இப்படின்னு எனக்கு யாரு சொன்னா?"

எவரும் சொல்லவில்லை என்பது மெய். விருந்தினர் முன் விளக்கை அவிப்பது கடுங்கல்நாட்டில் சாவுவீட்டுச் சடங்கு என்பதை அந்த அவையில் அறிந்திருந்தவர் தங்கள் தூதர் ஒருவரே. அவர் சூள்நீர்க் குடத்தைக் கீழே வைத்தார்.

"யாருக்காக அணைத்தீர்கள்? எங்கள் அரசருக்கா, எனக்கா?" என்று கேட்டார்.

அரசி அப்போது திரைக்குப் பின்னே போயிருந்தார். அவர் குமட்டும் ஓசை அவை முழுதும் கேட்டது. அதைக் கேட்டவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதே வேளாரின் மனத்தில் நின்றது. கருவுற்றவர் என்பார்களா, நஞ்சுண்டவர் என்பார்களா, கள்ளுண்டவர் என்பார்களா? எது பேசப்பட்டாலும் குலத்துக்கு மாசு. மாசில்லாத காரணம் ஒன்றே அவருக்குத் தோன்றியது. "அஞ்சவேண்டாம். அரசிமேல் எங்கள் குலதெய்வம் இறங்கியிருக்கிறது" என்றார்.

"நல்லது. தெய்வம் நாளைக்கு மலையேறிவிடும். அப்புறம் சூளை யாரிடம் கேட்பது?" என்றார் தங்கள் தூதர். குடத்தை எடுத்துக்கொண்டு, நீரை ஊற்றாமல், படியிறங்கிப் போய்விட்டார். முரசுக்காரர்கள் எதுவும் அறியாமல் வழியனுப்பு முரசை அடித்தார்கள். திரைக்குப் பின்னே அரசி காதுகளைப் பொத்திக்கொண்டார்.

அரசி தேறி எழுந்ததும் இம்மண்டபத்தில் ஆலோசனை நடந்தது. அதற்குள் தங்கள் ஓலையும் வந்துவிட்டிருந்தது. வேளாரிடம் ஒரு வழி இருந்தது. சூள் உரைக்கும் அந்த ஒரு பொழுதுக்கு மட்டும் தம் பேரனை அரியணையில் அமர்த்தலாம், தண்ணீர் வரும், கதிர் முற்றும், அதன்பின் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றார்.

"உட்கார்ந்தவரை அப்புறம் எழுப்ப முடியுமா, பெரியப்பா?" என்று அரசி கேட்டார்.

"நான் சொன்னால் என் பேரன் எழுந்திருப்பான்."

"அவன் எழுந்திருப்பான். உட்காரவைத்தவர்கள் விடமாட்டார்கள். கடுங்கல் அரசர் ஒருமுறை ஓலை எழுதி ஓர் அரசியை மாற்றிவிட்டால், அடுத்த பஞ்சத்துக்கு இன்னோர் ஓலை எழுதுவார்."

அரசி மேலும் சொன்னார்: "எனக்குத் தெய்வமும் ஏறவில்லை, பேயும் ஏறவில்லை. தலை வலித்தது."

"அரசிக்குத் தலை வலித்தது என்று ஊருக்குச் சொல்வதா? உடற்குறை உள்ளவர் ஆளலாகாது என்று நாளைக்கே ஒருவன் பழைய ஏட்டைத் தூக்கிக்கொண்டு வருவான். உன் அப்பன் இப்படி ஒருநாள் சொன்னானா?"

"அப்பா வேட்டைக்குப் போவார். நினைவிருக்கிறதா? மாதம் தவறாமல் போவார். அத்தனை வேட்டையில் ஒரு முயலாவது கொண்டுவந்தாரா?"

மருத்துவர் அழிசியார் தரையைப் பார்த்தார். பூதன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டான். வேளாருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வேட்டைக் குடிலின் சாளரங்களுக்குக் கருந்துணி வாங்கிக் கொடுத்தவர் அவர். குடில் வாயிலில் வாளோடு நின்று எவரையும் உள்ளே விடாதவரும் அவர். உள்ளே தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்ததை அவர் இன்றுவரை எவரிடமும் சொல்லியதில்லை. இப்போதும் அவர் சொல்லியிருக்க மாட்டார்.

ஆகவே கோவரையரே, மெய்யைக் கேளுங்கள். எம் அரசிக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. தந்தை வழியில் வந்தது. அது பித்து அன்று, சாபம் அன்று, குடியினால் வருவதும் அன்று. மருத்துவரை வேளார் வெளிப்படையாகவே கேட்டார், இதை வேரோடு பிடுங்க முடியுமா என்று. அழிசியார், "முடியும் என்று சொல்லிக் காணிக்கை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்லமாட்டேன். வருவதைக் குறைக்கலாம், வந்தால் தணிக்கலாம். அரசி அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்" என்றார்.

அது உண்மை. அரசி தம் நோயை எல்லைப்புறத்து எதிரியைக் கவனிப்பதுபோலக் கவனித்து, அது எந்த வழியாக வருகிறது என்று கண்டுகொண்டார். வயிறு காய்ந்தால் வரும். அதனால் நேரத்துக்கு உண்கிறார். உறக்கம் கெட்டாலும் வரும், அளவுக்கு மீறி உறங்கினாலும் வரும். அதனால் விழாவோ ஓய்வோ, ஒரே பொழுதில் படுத்து ஒரே பொழுதில் எழுகிறார். அகில் புகையைத் தம் அறைகளிலிருந்து விலக்கினார். அவருக்கு அகில் மிகவும் பிடிக்கும் என்பதை வேளார் அறிவார். உச்சி வெயிலில் ஆற்றுநீரின் பளபளப்பைப் பார்ப்பதில்லை. பெரிய காரியம் ஒன்று முடிந்து மனம் இளகும் மறுநாளே வலி பதுங்கி வந்து பிடிக்கும் என்பதால், அந்த மறுநாளில் எந்த வேலையும் வைத்துக்கொள்வதில்லை. கண்ணோரத்தில் ஒளி துடிக்கும்போதே மருத்துவரின் கசாயத்தைக் குடித்துவிடுகிறார். வலி முற்றியபின் குடித்தால் வயிறு அதைத் திருப்பி அனுப்பிவிடும். பிறகு இருட்டறை, நெற்றிக்குச் சுக்குப் பற்று, பிடரிக்கு ஈரத்துணி, பாதத்துக்கு வெந்நீர், எவர் பேச்சும் இல்லை. இவ்வளவும் செய்தும் சில நாள் வலி வெல்கிறது. அந்த நாளில் அரசி அதனோடு மல்லுக்கு நிற்பதில்லை, கிடந்து எழுகிறார்.

அப்படிக் கிடக்கும் நாளில் எந்த ஓலைக்கும் முத்திரை விழாது. எத்தனை அவசரமானாலும் அது காத்திருக்கும். எனவே தாங்கள் இதுவரை பெற்ற ஆம்பல் முத்திரைகளில் ஒன்றுகூடக் கலங்கிய சிந்தையால் இடப்பட்டதன்று. தங்கள் தந்தையார் பெற்ற முத்திரைகளும் அப்படியே. அந்த நாளில் முத்திரைப் பேழை வேட்டைக் குடில் வரை சென்று, திறக்கப்படாமலே திரும்பி வந்ததுண்டு.

இனி, சூள் குறித்து. அரசி அதை உரைப்பார். அவரே உரைப்பார், பதிலாள் இல்லை. மண்டபம் வேண்டாம். பொழுது புலர்ந்து வெயில் ஏறுமுன், மதகின் மேல்கரை மரநிழலில் நிற்கலாம். விளக்கு தேவைப்படாத வேளையாதலால் அணைக்கவும் விளக்கிராது. தங்கள் வேலாட்களின் நடுவே வந்து நிற்க அரசி உடன்படுகிறார். வேளார் உடன்படவில்லை, ஆனால் உடன் வருவார். அகில் இல்லை, முரசு இல்லை. அரசி உண்டுவிட்டு வருவார். முறை மீறல் என்று தங்கள் சான்றோர் கருதுவார்களானால் கருதட்டும். வேளாரும் அப்படியே கருதுகிறார். தங்கள் தூதர் விருதுப் பெயர்களைச் சற்றுச் சுருக்கி ஓதினால் நன்று.

அன்று காலையிலும் அந்த ஒளி கண்ணில் தோன்றுமானால், அரசி தோட்டைத் தொடமாட்டார். "வலி வருகிறது, நாளை வாருங்கள்" என்று இரு நாட்டாரும் கேட்க வாய்திறந்து சொல்வார். அதைக் கேட்டபின் நோயென்று கொள்ளாமல் அவமதிப்பென்று கொள்வது தங்கள் பக்கத்துத் தவறாகும். அதற்கு எம் வேலாட்கள் மறுமொழி சொல்வார்கள்.

இது இரப்பு அன்று. கீழ்க்கரை தண்ணீரை இரந்து பெற்ற நாடு அன்று. சூள் உரைக்க வல்ல ஓர் அரசி எமக்கு இருக்கிறார். அவர் அரியணை தங்கள் ஓலையால் காலியாவது இல்லை. இந்த ஓலை கண்டதும் மதகு காப்போர்க்குக் கதவில் கை வைக்காதிருக்க ஆணை பிறப்பித்து, சூள் நாளை ஓலைவழி குறித்து அனுப்புக.

வரியாறு இரு கரைக்கும் ஓடுக. கடுங்கலும் ஆம்பலும் தத்தம் எல்லையில் நிலைபெறுக. கீரனார் எழுதி முடித்ததை வேளார் ஒருமுறை படிக்கக் கேட்டார். ஒரு சொல்லும் மாற்றவில்லை. ஆம்பல் முத்திரையை அரசி தம் கையாலேயே அரக்கில் அழுத்தினார்.

முத்திரைக்குப் பின் ஒன்று. அரசி இருட்டறையில் கிடக்கிறார், கீழ்க்கரையை உண்மையில் ஆள்பவர் கிழவர் வேளார்தான் என்று தங்கள் சந்தைகளில் பேச்சு நடப்பதாகக் கேள்வி. அது பொய். இந்த ஓலையை எழுதவே கூடாது என்றார் வேளார். எழுதச் சொன்னார் அரசி. எழுதப்பட்டது.