மலை பார்க்கத் தாழ்த்திய சுவர்

என் பாவாவுக்கு,

நீ கண்மூடிய பிறகு முதல் முறையாக உன் தோட்டத்தில் முல்லை பூத்திருக்கிறது. பறிக்கத்தான் கை வரவில்லை.

ஆட்டுச் சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டு ஆடுகள் கனகாம்பரத்தை மொட்டையடித்துவிட்டன. எந்த வழியாக வந்தன என்கிறாயா? திருத்தணி மலை தெரியட்டும் என்று சுவரைத் தாழ்த்தி வைத்தாயே, அந்த வழியாகத்தான்.

கால் அடிபட்டு வீட்டோடு இருந்த காலத்தில், சிமெண்டு இல்லாமல், கல்மேல் கல்லாக நீயே அடுக்கிய சுவர் அது. அதை வைத்துத்தான் தோட்டமே. வெயில் காயும் பக்கம் பிரண்டை, நிழல் விழும் பக்கம் கனகாம்பரம். செடி வைக்கும் முன் ஒவ்வொரு இடத்திலும் உட்கார்ந்து பார்ப்பாய். "உக்காந்து பாத்தாதான்டி தெரியும்" என்பாய்.

ஒரு மூலையில் மட்டும் சுவரை இடுப்பளவில் நிறுத்தி, உள்ளே உட்கார ஒரு கல்லும் போட்டாய். ஏன் என்றேன். "முருகனைப் பாக்கத்தான்." கிருத்திகைக்குக்கூட மலையேறாத என் புருஷனுக்கு வந்த பக்தியைப் பார் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

ஆர்.கே.பேட்டை தறிக்கூடத்திலிருந்து வந்து நான் செருப்பைக் கழற்றும்போதே டீ கொதித்துக்கொண்டிருக்கும். பஸ் என்றைக்கு ஒழுங்காக வந்தது? எப்படித் தெரிகிறது என்று கேட்டால், "ஆங், முருகன் சொன்னாரு" என்பாய்.

இந்த ஞாயிற்றுக்கிழமை என் தம்பி கல்லும் கொத்தனாருமாக வந்து நின்றான். "ரெண்டு வரிசை ஏத்திடலாம்க்கா. ஆடு மேஞ்சிகினே இருந்தா தோட்டம் மிஞ்சுமா?" நானும் சரி என்றுவிட்டேன். அவர்கள் கல் இறக்கும் வரை உன் கல்லில் போய் உட்கார்ந்தேன். இத்தனை நாளில் நான் அங்கே உட்கார்ந்ததே இல்லை.

மலை தெரியவில்லை பாவா. பக்கத்து வீட்டுக் கிழட்டுப் புளியமரம் முழுசாக மறைத்துக்கொண்டிருந்தது. தெரிந்தது பஸ் ஸ்டாப். பஸ் வந்து நின்றது, ஒரு பெண் இறங்கினாள். புடவையின் நிறம் வரைக்கும் தெரிந்தது.

ஏன் சொல்லவில்லை? இறங்கியதும் தலையைக் குனிந்துகொண்டு ஓடி வருவேனே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டேனா?

கொத்தனார் முன்னாலேயே வாய்விட்டு அழுதேன். "இன்னாக்கா ஆச்சு?" என்று தம்பி ஓடி வந்தான். "சொவத்தத் தொடாத. கல்ல எடுத்துகினு போ" என்றேன்.

ஆடு மேயாமல் செடிகளைச் சுற்றி முள் வெட்டிப் போட்டுக்கொள்கிறேன். அந்த இடம் நீ விட்டபடியே இருக்கும். நாளையிலிருந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் அங்கே பார்த்துக் கை காட்டிவிட்டுத்தான் நடப்பேன். யார் சிரித்தாலும் சரி. பிறகு வீட்டுக்கு வந்து டீயை நானே போட்டுக்கொள்கிறேன்.

உன் மாமன் மகள்,
கல்யாணி