உலர் லென்ஸில் எண்ணெய்

ஜூன் 3, செவ்வாய்

இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு, நன்கு யோசித்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், நுண்ணோக்கி அறைப் பதிவேட்டில் இனி "எல்லாம் சரி" என்று எழுதுவதில்லை என முடிவெடுத்தேன்.

கருவியைவிட்டு எழுந்திருக்கும் ஒவ்வொருவரும் அதன் நிலையைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டும் என்பது விதி. பழைய பக்கங்களைப் புரட்டினேன். நான்கு வருடம், எட்டுத் துறைகள், ஒரே வரி. விளக்கு புகைந்து, பழுது பார்க்க ஆள் வந்த நாளிலும் எல்லாம் சரி. இவ்வளவு மனநிறைவோடு வாழும் கூட்டம் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

இரண்டு மணி நேரம் எண்ணெய் லென்ஸில் வேலை. கடைசியில் அகலமாக ஒரு படம் வேண்டியிருந்ததால் உலர் லென்ஸைச் சுழற்றிக்கொண்டேன். படம் எடுக்கும்போதே மனம் வாசகத்தில் இருந்தது. உள்ளுக்குள் மூன்று முறை திருத்திவிட்டு எழுதினேன்: "நாற்காலியின் இடது பின்கால் ஆடுகிறது." தேதி, கையெழுத்து. நான்கு வருடத்தில் முதல்முறையாக ஓர் உண்மை ஏட்டில் ஏறியது.

ஜூன் 5, வியாழன்

என் வரிக்குக் கீழே யாரோ: "நாற்காலிக்கு ஆழ்ந்த அனுதாபம். மற்றபடி எல்லாம் சரி." கையெழுத்து மட்டும் புரியவில்லை. புரியாமல் போடுவதற்கும் தனித் திறமை வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

உலர் லென்ஸில் எண்ணெய்!

எண்ணெய் லென்ஸுக்கும் மாதிரிக்கும் நடுவே ஒரு சொட்டு எண்ணெய் இருந்தாக வேண்டும். உலர் லென்ஸுக்கு அதுவே விஷம். உள்ளே ஊறும், படம் மங்கும். கைதவறிப் பட்டுவிட்டால் அன்றே சொல்ல வேண்டும். கருவிப் பொறுப்பாளர் மேடம் துடைத்துத் தருவார், மன்னிப்பும் உண்டு. சொல்லாமல் விட்டால் ஒரு மாதம் கருவி கிடையாது. மறுபடி முதல் வகுப்பிலிருந்து பயிற்சி.

எனக்கு முன் மூன்று நாள் அங்கே உட்கார்ந்தவர் என் ஆய்வு நெறியாளர். நேற்று அவர் எழுதிய வரி: எல்லாம் சரி.

நான் எழுதினேன்: "உலர் லென்ஸில் எண்ணெய். நான் தொடும் முன்பே."

மேடம் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "யாரு பண்ணதுன்னு தெரிஞ்சு எழுதுறியா?"

"பார்த்ததை எழுதுறேன் மேடம்."

"அப்போ பார்த்ததை மட்டும் எழுது."

ஜூன் 11, புதன்

நெறியாளர் அறை. கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஏம்மா, அந்த வரியில உன் பேரைப் போட்டுடு."

"நான் பண்ணல சார்."

"நான் பண்ணேன்னே வச்சுக்கோ. இந்த வயசுல சின்னப் பசங்களோட பெஞ்சுல உக்காந்து, லென்ஸ் எப்படித் துடைக்கறதுன்னு கேக்கணுமா நானு?"

"மேடம் நல்லா சொல்லித் தருவாங்க சார்."

அவர் சிரிக்கவில்லை. ஒளிரும் சாயம் ஏற்றிய என் மாதிரிகள் இன்னும் பத்து நாள்தான் தாங்கும். ஒரு மாதம் கருவி இல்லையென்றால் எட்டு மாத உழைப்பு இருட்டில். அது அவருக்கும் தெரியும்.

"உன் ஆய்வேட்டுல யாரு கையெழுத்துப் போடணும்னு ஞாபகம் இருக்கில்ல?"

இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

மாட்டேன்.

அக்கா தொலைபேசியில் சொன்னாள்: "ஒரு சொட்டு எண்ணெய்க்கா இவ்ளோ கூத்து? எங்க வீட்டு அடுப்பைப் பார்த்தா உங்க மேடம் மயக்கம் போட்டுடுவாங்க. வாயை மூடிட்டுப் பட்டத்தை வாங்குடி."

"மாட்டேன்க்கா."

"தெரியும். பழக்கதோஷத்துல சொன்னேன்."

ஜூன் 13, வெள்ளி

அவர் உட்காருவதற்கு முன் லென்ஸ் சுத்தமாகத்தான் இருந்தது என்று என் படங்களை வைத்தே காட்டிவிடலாம் அல்லவா? கணினியைத் திறந்தேன்.

மூன்றாம் தேதி, உலர் லென்ஸ், காலை 9.40: பளிங்கு.

அதே நாள், அதே லென்ஸ், 12.05: மேகம்.

நடுவில் எண்ணெய் லென்ஸ். துடைத்தேனா? சுழற்றினேன் — சொட்டு அங்கேயே இருந்திருக்கிறது — உலர் லென்ஸ் அதில் தோய்ந்துகொண்டே — ஐயோ, அந்த நாற்காலி! நாற்காலிக் காலைப் பத்தி வாசகம் யோசிச்சிட்டு உக்காந்திருந்தேனே — அவரு இல்ல. நான்தான்.

ஜூன் 16, திங்கள்

நெறியாளரிடம் சொன்னேன். முகம் மலர்ந்தது. "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்ல!" பிறகு தேதியைக் கேட்டார். மலர்ந்தது அப்படியே நின்றது. அவருடைய கட்டுரையின் மூன்றாவது படம், வெளிச்சத்தை அளந்து சொல்வது, ஆறாம் தேதி அந்த லென்ஸில் எடுத்தது. வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டிய கட்டுரை.

"எழுதாத."

"போன வாரம் எழுதச் சொன்னீங்களே சார்."

"அது பத்தாம் தேதி எண்ணெய்ம்மா. மூணாம் தேதி எண்ணெய் யாருக்கு வேணும்?"

"இருக்கறது அது ஒண்ணுதான் சார். தேதியோடதான் எழுதுவேன்."

"அப்போ வேற ஆளைப் பார்த்துக்கோ."

சரி.

பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும். "நான் தொடும் முன்பே" என்பதன் மேல் கோடு போட்டேன். எழுதினேன்: "ஜூன் 3 அன்று என்னால். துடைக்காமல் சுழற்றினேன். அன்று முதல் உலர் லென்ஸில் எடுத்த எவருடைய படத்தையும் நம்ப வேண்டாம்."

மேடம் இரண்டு முறை படித்தார். "ஒரு மாசம்."

"நானாத்தானே மேடம் வந்து சொன்னேன்?"

"அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

ஜூலை 21, திங்கள்

மாதிரிகள் ஒளியிழந்துவிட்டன. புதியவை தயாராகின்றன. பயிற்சி வகுப்பு முடிந்தது. பதினொரு பேரில் நான் மூத்தவள். துடைக்கும் தாளை எப்படி மடிப்பது என்பதில் ஒரு மதிப்பெண் போயிற்று.

நுண்ணோக்கி அறைக்குப் புது நாற்காலி வந்திருக்கிறது.

முன்பதிவுப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். நெறியாளர் என்ற இடத்தில், என்னை ஏற்றுக்கொண்ட மூன்றாம் மாடிப் பேராசிரியையின் பெயர்.