மல்லி இங்கேயே இருக்கட்டும்

திருவொற்றியூர் குப்பம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் நர்மதாவுக்கு நைனா எழுதிக்கொண்டது. வடிவுடையம்மன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் அந்த மஸ்கட் ஆஸ்பத்திரியில் நைட் டூட்டிக்கு நடுவே ஒழுங்காகச் சாப்பிட்டுத் தூங்கி உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இந்த ஆளுக்கு எதற்குக் கடிதம் என்று சிரிக்காதே. போனில் நீயும் அம்மாவும் பேசி அழுது முடிப்பதற்குள் எனக்கு முறை வருவதில்லை, வந்தாலும் சிக்னல் போய்விடுகிறது. அடுத்த தெரு லோகநாதன் லீவு முடிந்து நாளை அங்கே திரும்புகிறான், உனக்கு வஞ்சிரக் கருவாடு கொடுத்தனுப்புகிறேன், அதோடு இதையும் வைத்திருக்கிறேன்.

விஷயம் உன் பூனைதான். சாம்சன் வந்ததிலிருந்து மல்லி பயந்து சாகிறது, அந்த நாயை அனுப்பு, இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை என் தோழி மாயா வந்து மல்லியைத் தூக்கிக்கொண்டு போவாள் என்று நீ போனில் கத்தியது இன்னும் காதிலேயே இருக்கிறது. உன் கோபம் நியாயம்தான் தாயே. ஆனால் சாம்சன் நான் ஆசைக்கு வாங்கிவந்த நாய் இல்லை. என்னோடு அத்தனை வருஷம் லாஞ்சில் வலை இழுத்த தேவப்பிரியம் இடுப்பு ஒடிந்து தூத்துக்குடிக்கு மகள் வீட்டோடு போய்விட்டான், அங்கே நாய்க்கு இடமில்லை. கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் ஆட்டம் போடுவான், ஆனா மனசு தங்கம், நீதான் பாத்துக்கணும் மாமு என்றான். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயால் எப்படி இல்லை என்பது?

முதலில் நான் செய்தது முட்டாள்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். லாஞ்சில் இரண்டு பேர் முறைத்துக்கொண்டால் இருவரையும் ஒரே கயிற்றைப் பிடித்து இழுக்க விடுவோம், கரை வருவதற்குள் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். அதே கணக்கில் இந்த இரண்டையும் உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். ஐயோ, அந்தக் கூத்தை ஏன் கேட்கிறாய். சாம்சன் பாவம் விளையாடத்தான் பாய்ந்தான், இவள் அவன் மூக்கில் ஒரு கீறு கீறி, டிவியைத் தள்ளி, பரணில் ஏறி, அம்மாவின் கல்யாணப் புடவை இருந்த பெட்டிமேல் மூத்திரம் பெய்து, அடுத்த நாள் முழுக்கப் பச்சைத்தண்ணீர்கூடத் தொடவில்லை. உன் அம்மா மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பிடித்தாள் பார். இன்னாய்யா நீ, பூனை இன்னா உன் லாஞ்சு ஆளா, நீ சொன்னா ஒத்துகினு போறதுக்கு, அது சின்ன உசுரு, ஓடி ஒளிய எடம் வெச்சிட்டு அப்பால நாயை வுடு என்று தெருவே கேட்கக் கத்தினாள்.

பிறகு அம்மா சொன்னபடிதான் எல்லாம். மீன்பிடித் தடைக்காலம், லாஞ்செல்லாம் காசிமேட்டுத் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிறது, எனக்கும் வேறு வேலை இல்லை. பழைய வலையில் ஒரு துண்டு வெட்டி உள்ளறை வாசலில் மேலிருந்து கீழ்வரை இழுத்துக் கட்டினேன். மல்லி உள்ளே, சாம்சன் வெளியே, பார்த்துக்கொள்ளலாம், பாய முடியாது. அவள் பரணுக்கு ஏற இரண்டு பலகை அடித்தேன். அவள் படுத்த துணியை அவன் கோணியில் போட்டோம், அவன் கோணியில் ஒரு துண்டை அவளிடம் வைத்தோம், வாசனை பழகட்டும் என்று. விடிந்ததும் அவனைக் கடற்கரையில் நாக்கு தொங்கும்வரை ஓடவிடுகிறேன், உண்மையில் அவன்தான் என்னை ஓடவிடுகிறான். களைத்த நாய் வீட்டில் வம்பு செய்யாது. வலைக்கு இந்தப் பக்கம் அவன் தட்டு, அந்தப் பக்கம் தள்ளி அவள் தட்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே நகர்த்தினோம். அவளைப் பார்த்தும் குரைக்காமல் உட்கார்ந்தால் அவித்த மீனில் ஒரு துண்டு. இப்போதெல்லாம் மல்லி தலையைக் காட்டினாலே தானாக உட்கார்ந்துவிட்டு என் கையைப் பார்க்கிறான், திருட்டுப் பயல்.

நேற்று சாயங்காலம் வலையை அவிழ்த்தோம். சாம்சன் கழுத்துக் கயிறு என் கையில். புயலில்கூட நான் கயிற்றை இப்படி இறுக்கிப் பிடித்ததில்லை. மல்லி பலகையிலிருந்து இறங்கி, முதுகைத் தூக்கிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அப்புறம் மெல்ல வந்து அவன் வாலை முகர்ந்தாள். அவனுக்கு உடம்பெல்லாம் நடுங்குகிறது, ஆனாலும் எழுந்திருக்கவில்லை. அவள் திரும்பிப் போய்த் தட்டில் இருந்த மிச்சத்தைத் தின்றாள். ஓடவில்லை கண்ணு, நடந்துதான் போனாள். உன் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், எனக்கும் கலங்கிவிட்டது.

இன்னும் முழுசாகப் பழகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். இரண்டையும் தனியாக விட முடியாது, ஒரு தட்டு விழுந்தாலே இவள் பரணில் இருப்பாள். ஆனால் பழகிவிடுவார்கள், எனக்கு நம்பிக்கை இருக்கிறது, யாராவது கூடவே இருக்க வேண்டும், அவ்வளவுதான். தடைக்காலமோ முடியப்போகிறது. முதல் பயணத்தில்தான் கடல் அள்ளிக் கொடுக்கும், அதை விட்ட ஆள் காசிமேட்டில் கிடையாது. நான் போய்விட்டால், விடியலில் மீன் ஏலத்துக்கு ஓடும் அம்மாவால் சாம்சனை ஓடவிட முடியுமா? அதனால் இந்த முறை வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று லாஞ்சு ஓனரிடம் சொல்லிவிட்டேன். பூனைக்கோசரம் கடலுக்குப் போவாத ஆளை இப்பதான் பாக்குறோம் என்று கரையில் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஏன் என்று உனக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம். நீ போன பிறகு, நான் கடலில் இருக்கும் நாட்களில் உன் அம்மா தனக்கென்று உலை வைப்பதில்லை, டீயும் பன்னும்தான். பக்கத்து வீட்டு கெங்கம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். சாம்சன் பழைய சோறானாலும் தின்பான், உன் மகாராணிக்குத்தான் சுடச்சுட மீன் அவிக்க வேண்டும். அவளுக்கு அடுப்பைப் பற்றவைக்கும்போதுதான், எரிகிற அடுப்புதானே என்று அம்மா தனக்கும் ஒரு பிடி அரிசி போடுகிறாளாம். மல்லியைக் கொண்டுபோய்விட்டால் அந்த அடுப்பு எரியாது நர்மதா.

மாயாவுக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்று சொல். நான் எழுதியதை அம்மாவிடம் உளறிவிடாதே. கருவாட்டை வந்ததும் வெயிலில் ஒருமுறை காயவைத்து எடுத்துவை. நீ நோய்நொடி இல்லாமல், கை நிறைய வேலையும் மனசு நிறைய சந்தோஷமுமாக நூறு வருஷம் இருக்க வேண்டும்.

உன் நைனா,
ரகுபதி