அக்காவுக்கு வாங்கின பச்சைப் போர்வை

ஜூலை 9, புதன். அயர்லாந்து

காலை 7.10. தூறல். இதையெல்லாம் இங்கே மழைக் கணக்கில் சேர்க்க மாட்டார்களாம். மகள் வீட்டுக்கு வந்த ஒரு மாதத்தில் இன்றுதான் ஷீலா லீவு போட்டு வெளியே கூட்டிப் போகிறாள். சுற்றுலா பஸ். அவள் கண் வீங்கியிருக்கிறது. கேட்டால், "தூக்கம் இல்லம்மா."

வாங்க வேண்டியவை:
கம்பளிப் போர்வை, பெரியது - அக்காவுக்கு
சாக்லேட் - பாடகர் குழுப் பிள்ளைகளுக்கு
பிரிட்ஜில் ஒட்டுகிற பொம்மை - எதிர்வீடு

கிளம்பும்போதே அக்கா சொல்லிவிட்டாள். "ஏட்டி, டயாலிசிஸ் ரூம்ல ஏசியப் போட்டுக் கொல்லுதாவ. கட்டியா ஒரு போர்வ வாங்கிட்டு வா. நான் எங்க போயிரப் போறேன், பைய வா." பாளையங்கோட்டை வெயிலில் கம்பளி கேட்கிற ஒரே பொம்பளை.

9.40. டிரைவரே மைக்கில் பேசுகிறார், நடுவில் பாட்டு வேறு. ஆடு, கல் சுவர், மறுபடி ஆடு.

10.45. கடலோரப் பாறை. காற்று ஆளையே தள்ளுகிறது. சேலையைப் பிடிப்பதா, குடையைப் பிடிப்பதா. ஷீலா இறங்கவே இல்லை. காதில் மாட்டிக்கொண்டு போனையே பார்க்கிறாள். ஆபீஸ் மீட்டிங்காம். லீவு நாளில் என்ன மீட்டிங்?

11.35. கம்பளிக் கடை. பச்சையா, நீலமா? "பெரியம்மாவுக்கு எது எடுப்பா இருக்கும்?" என்றேன். "எதுன்னாலும் வாங்கும்மா." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெரியம்மா தூக்கி வளர்த்த பிள்ளை. எனக்கு எரிச்சலாக வந்தது. இந்த ஊருக்கு வந்து மனசு மரத்துவிட்டது இவளுக்கு.

அக்காவும் நானும் ஒரே உயரம். பச்சையை நானே போர்த்திக்கொண்டு போட்டோ எடுக்கச் சொன்னேன். அவள் எடுத்ததில் இரண்டு கலங்கல். மூன்றாவது தேவலை, பல் தெரியச் சிரிக்கிறேன். "போர்வை வாங்கியாச்சு" என்று எழுதி அக்கா போனுக்கு அனுப்பினேன்.

11.50. நீல டிக் விழுந்துவிட்டது. பார்த்துவிட்டாள். பதில் இல்லை. டைப் பண்ணச் சோம்பல்.

ஜூலை 10, வியாழன்

அக்கா இல்லை. செவ்வாய் இரவே போய்விட்டாள். நேற்று சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம். இங்கே அப்போது பதினொன்றரை.

பஸ் திரும்பி வீட்டுக்கு வந்த பிறகுதான் ஷீலா சொன்னாள். அத்தான் சொல்லியிருக்கிறார்: "அவளால வந்து சேர முடியாது. எடுத்த பொறவு சொல்லு."

"பொறவு பஸ்ஸுல எதுக்குட்டி கூட்டிட்டுப் போன?"

"வீட்ல இருந்தா என் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருவம்மா."

மீட்டிங் இல்லை. அடக்க ஆராதனையைப் போனில் நேரலையாகப் பார்த்திருக்கிறாள், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. நான் அவளுக்கு ஆட்டைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அவளை அடிக்கலாம் போல வந்தது. அவள் மடியில்தான் அழுதேன்.

ஜூலை 14, திங்கள். பாளையங்கோட்டை

வெயில். பெட்டியை இறக்கிவிட்டு நேரே அக்கா வீடு. அத்தான் "வா" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

எதிர்வீட்டுக்காரி: "டூரெல்லாம் நல்லா இருந்துச்சா டீச்சர்?" தெரியாமல் கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்கிறாள். பிரிட்ஜ் பொம்மையைக் கொடுத்து அனுப்பினேன். போர்வை பையிலேயே கிடக்கிறது. யாருக்குக் கொடுக்க?

ஜூலை 15, செவ்வாய்

துணி துவைத்தேன். மாத்திரை போடவில்லை.

அடக்கத்தின் வீடியோவை இன்றுதான் போட்டுப் பார்த்தேன். தனியாக. பெட்டி இறங்குகிறது. மண் போடுகிறார்கள். பாட்டு முடிகிறது. அத்தானின் சட்டைப் பையில் ஏதோ சத்தம். கையைத் துடைத்துக்கொண்டு எடுக்கிறார். சிவப்பு உறை. அக்காவின் போன். பார்த்துக்கொண்டே நிற்கிறார். பக்கத்தில் நிற்கிறவர், "யாரு?" என்று கேட்கிறார். அத்தான் அவரைப் பார்க்கவில்லை. குழியைப் பார்த்துச் சொல்கிறார்.

"தங்கச்சி ஒனக்குப் போர்வ வாங்கிட்டாளாம்."