மேரி கசாட்டின் அம்மாக்கள்

2004 பெப்ரவரி 12

அண்ணையின் மகள் ஷெரோனின் வகுப்பை ஓவியக் கண்காட்சிக்குக் கூட்டிப்போனார்கள். துணைக்கு நானும் போனேன். மேரி கசாட் என்று ஒரு பழைய ஓவியர். சுவரெல்லாம் தாயும் பிள்ளையும். ஒருத்தி பிள்ளையின் காலைக் கழுவுகிறாள். இன்னொருத்தியின் தோளில் நித்திரை முகம். விளக்கம் சொன்ன பெண்ணின் பிரெஞ்சு எனக்குப் பாதிதான் விளங்கியது. ஷெரோன்தான் கையை இழுத்துச் சொன்னாள்:

“மாமி, இதில சிலபேர் உண்மையான அம்மா இல்லையாம். படம் கீறுறதுக்காகப் பிள்ளையை வைச்சிருந்தவையாம். கீறினவாவுக்கும் பிள்ளை இல்லையாம்.”

பார்த்தால் தெரியவில்லையே.

பெப்ரவரி 13

வேலையிலும் அதே நினைப்பு. அல்பேட் அண்ணை மன்னாரிலிருந்து மொன்ட்ரியாலுக்கு ஷெரோனைத் தூக்கிவந்தபோது அவளுக்கு நடக்கத் தெரியாது. தாய்க்கு, என் மச்சாளுக்கு, விசா கிடைக்கவில்லை. முதல் பல், சளி, கார்டெரி என்கிற குழந்தைக் காப்பகம், பள்ளிக்கூடம் — எல்லாம் நான்.

மார்ச் 3

அண்ணை சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்து அழுதார். “அவளுக்கு விசா குத்தியாச்சு, அக்னெஸ்.” நானும் அழுதேன். சந்தோஷத்தில் என்று நினைத்திருப்பார்.

மார்ச் 28

டோர்வால் விமான நிலையம். ஷெரோன் என் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மச்சாள் நீட்டிய கைகள் அப்படியே நின்றன.

எனக்கு உள்ளுக்குள் இனித்தது. சீ, நானும் ஒரு பெண்ணா?

ஏப்ரல் 9

பெரிய வெள்ளி. ஷெரோனுக்குக் காய்ச்சல். தாய் தொட்டால் உதறுகிறாள், என் மடிதான் வேண்டுமாம். மச்சாள் குசினிக் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“உங்களில குறை சொல்லேல்லை, அக்னெஸ். நீங்கள் இஞ்ச இருக்குமட்டும் அவள் என்னட்ட வரமாட்டாள்.”

அவ சொன்னது நியாயம்தான். நியாயம் எண்டா நோகாதோ?

மே 1

மொன்ட்ரியால்-நோரில் ஓர் அறை எடுத்து வந்துவிட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. “மாமி!” என்று அவள் கத்தியது கடைசிப் படி வரை கேட்டது.

மே 6

அவளுக்கு ஃபோன் எடுக்கக்கூடாது. எடுக்கக்கூடாது.

செப்டம்பர் 19

பூசை முடிந்து சென்ட் லோரன்டில் அண்ணை வீட்டுக்குப் போனேன். தாயின் முழங்கால்களுக்கிடையில் ஷெரோன். மச்சாள் தலை பின்னிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு சிரித்தாள், எழும்பவில்லை. பின்னி முடிந்ததும் குசினிக்கு ஓடினாள். ஆட்கள் வந்தால் மட்டும் எடுக்கிற பூப்போட்ட கிளாஸில் ஜூஸ் வார்த்து, தட்டில் வைத்து, சிந்தாமல் கொண்டுவந்து நீட்டினாள்.

“குடியுங்கோ மாமி.”

முழுவதையும் குடித்தேன்.