மாடி ரவுட்டரும் உன் போனும்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், கடையும் ஓடுகிறது. நீயும் அங்கே நன்றாக இருக்கிறாய் என்று அடுத்த வரி எழுத வேண்டும், எழுதப்போன கை நின்றுவிட்டது. ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன். போன் இருக்கும்போது இதென்ன காகிதம் என்று ஓரமாக வைத்துவிடாதே, கடைசிவரை படி.

நீ வீடியோவில் கூப்பிட்டால் பாதியில் கட்டாகிறது என்று மாடிக்கு இன்னொரு ரவுட்டர் வாங்கி வைத்தேன் அல்லவா, கீழே கடையில் ஒன்று, மேலே வீட்டில் ஒன்று. யாரையும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் குழாயும் வால்வும் விற்கிறவளுக்கு இது தெரியாதா என்ற நினைப்பு. மாடியில் தண்ணீர் வேகம் போதவில்லை என்றால் மேலே ஒரு தொட்டி வைக்கச் சொல்வோம், அதே கணக்குதான் என்று கீழ் ரவுட்டரிலிருந்து ஒயர் இழுத்து, படிக்கட்டுச் சுவரில் கிளிப் அடித்து, மேலே கொண்டுபோய்க் கைக்கு அகப்பட்ட ஓட்டையில் சொருகினேன். அப்பா குழம்பக் கூடாதே என்று இரண்டுக்கும் பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றே வைத்தேன். முன்பு எப்போதாவது கட்டானது, அதற்குப் பிறகு எப்போதாவதுதான் கட்டாகாமல் இருந்தது. எதிர்க்கடைக் கண்ணாடிக்காரர் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, ஒரு வீட்டுக்கு ரெண்டு மாமியார் வெச்சா இப்படித்தான்" என்று சிரித்தார். "உங்க வீட்டுல இருக்கற ஒருத்தி முன்னாடியே வாய் திறக்க மாட்டீங்க, இங்க வந்து பேசுறீங்களா" என்று அனுப்பிவிட்டேன். ஆனால் அவர் சொன்னதுதான் கடைசியில் சரியாக இருந்தது.

அப்பாவுக்குத்தான் கவலை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் நீ, "இல்லப்பா, நான் என்ன சொல்ல வந்தேன்னா" என்று இழுத்தாய், அந்த இடத்தில் கட்டானது. திரும்பக் கூப்பிட்டபோது ஒன்றுமில்லை என்றாய். அன்றிலிருந்து, பையன் ஏதோ சொல்ல வந்தான், நம் வீட்டு நெட் அதைத் தின்றுவிட்டது என்று அவர் தன்னையே நொந்துகொள்கிறார். நீ கூப்பிடுகிற நேரத்தில் நான் மிக்சி போடக் கூடாது, மின்விசிறி சுற்றக் கூடாது, ரவுட்டர் வைத்திருந்த பீரோவைத் திறக்கக்கூட விடமாட்டார். ரவுட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு, நோயாளிக்குத் துணை இருப்பதுபோல் அதன் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என்னால் பார்க்க முடியவில்லை, கடைக்கு விடுமுறை விட்ட நாளில் கசிவு தேடுகிற மாதிரி தேடிவிடுவது என்று இறங்கினேன். தண்ணீர் எங்கே ஒழுகுகிறது என்று தெரியாவிட்டால் எல்லா வால்வையும் மூடிவிட்டு ஒவ்வொன்றாகத்தானே திறப்போம். எல்லாவற்றையும் அணைத்தேன். கீழ் ரவுட்டரை மட்டும் போட்டு, அதன் பக்கத்திலேயே நின்று உன் அக்காவைக் கூப்பிட்டேன். பேசினேன், பேசினேன், "அம்மா, அடுப்புல வெச்சது தீயுது, விட்டுடும்மா" என்று அவள் கெஞ்சுகிறவரை பேசினேன், ஒரு இடத்தில்கூட விடவில்லை. ஆக, தெருவிலிருந்து வருகிற லைனில் குறையில்லை. மேல் ரவுட்டரைப் போட்டேன், கொஞ்ச நேரம் நன்றாக இருந்தது. கீழே போய்க் கடையின் பில் போடுகிற கம்ப்யூட்டரைப் போட்டேன், மாடியில் அப்பா போன் செத்தது. கம்ப்யூட்டரை அணைத்தால் போன் பிழைக்கிறது. மறுபடி செய்து பார்த்தேன், அதேதான். நெட்காரரை வரச்சொல்லி இதைக் காட்டினேன். வீட்டில் இருக்கிற ஒவ்வொரு போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் ரவுட்டர் தனித்தனி எண் கொடுக்குமாம். நம் வீட்டில் இரண்டும் ஒன்றையொன்று கேட்காமல் கொடுத்துக்கொண்டிருந்ததில், அப்பா போனுக்கும் பில் கம்ப்யூட்டருக்கும் ஒரே எண் விழுந்துவிட்டது. "மேல இருக்கறது இனிமே நம்பர் குடுக்க வேணாம்மா, கீழேருந்து வர்றத அப்படியே கடத்திவிட்டா போதும்" என்று அதன் செட்டிங்குக்குள் போய் மாற்றிக்கொடுத்தார். இரும்பு பீரோ மேல் வைக்காதீர்கள் என்றார், எடுத்துச் சுவரில் மாட்டிவிட்டேன். அதோடு தீர்ந்தது. உன் அக்கா பேசினால் கட்டாகவில்லை, சரக்கு அனுப்புகிறவர்கள் பேசினால் கட்டாகவில்லை, அப்பா தன் பழைய ஆபீஸ் நண்பரோடு வயிற்று உபாதை பற்றி அவ்வளவு நேரம் பேசுகிறார், அதுவும் கட்டாகவில்லை.

நீ பேசினால் மட்டும் கட்டாகிறது.

சரி, உன் பக்கத்து நெட்டாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் கவனித்தேன். அப்பா, "புது மேனேஜர் எப்படிப்பா, ஒத்துப்போறாரா" என்றார், கட்டானது. அடுத்த தடவை, "ரூமைக் கொஞ்சம் சுத்திக் காட்டேன்" என்றார், கட்டானது. மழையா வெயிலா என்று கேட்டால் நன்றாகத்தான் வேலை செய்கிறது. இத்தனை நாள் நெட்டோடு மல்லுக்கட்டியதில் ஒன்று கற்றுக்கொண்டேன். நெட் போனால் முதலில் முகம் உறையும், பேச்சு விட்டுவிட்டு வரும், நடுவில் வட்டம் சுற்றும். உன்னிடம் அதெல்லாம் இல்லை. முகம் தெளிவாக இருந்தது, உன் தோள் முன்னால் சாய்ந்தது, திரை ஓரத்தில் விரல் வந்தது, பிறகு நீ இல்லை. கட் பண்ணுவது நீதான் ராசா. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், இதைப் பாதியில் கட் பண்ண முடியாது பார்.

கோபத்தில் எழுதவில்லை, பயத்தில் எழுதுகிறேன். வேலை போய்விட்டதா, உடம்புக்கு ஏதாவதா, தங்க இடமில்லாமல் யார் வீட்டிலாவது ஒண்டிக்கொண்டிருக்கிறாயா? உன் பின்னால் இப்போதெல்லாம் ஒரு வெறும் சுவர்தான் தெரிகிறது, உன் ஜன்னலைப் பார்த்து எவ்வளவோ நாளாகிறது. கல்லாவில் உட்கார்ந்தால் சும்மா வந்ததுபோல் சுற்றிவிட்டுக் கடைசியில் கடன் கேட்கிறவரைக்கூட நடையிலேயே கண்டுபிடிப்பேன், பெற்ற பிள்ளை முகத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. எதுவாக இருந்தாலும் சரிதான், வேலை போனால் வேறு வேலை, ஊர் பிடிக்காவிட்டால் வீடு இருக்கிறது, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதை என்னிடம் விடு, நான் பார்த்துக்கொள்கிறேன். சொல்ல இஷ்டமில்லையா, "இப்ப வேணாம்மா" என்று ஒரு வார்த்தை சொல், நாங்கள் பேச்சை மாற்றிக்கொள்கிறோம். பட்டென்று அணைத்துவிட்டுப் போகாதே. நேரத்துக்குச் சாப்பிடு, அறைக்குள்ளேயே அடைந்து கிடக்காதே, தெரிந்தவர் யாருக்காவது தினம் ஒரு தரம் முகத்தைக் காட்டு.

அப்பாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. நீ போன ஞாயிற்றுக்கிழமை கட் பண்ணியதும் அவர் ஸ்டூல் மேல் ஏறி ரவுட்டரைத் துணியால் துடைத்தார், இறங்கி வந்து, "மூணாவதா ஒண்ணு வாங்கிடலாமா" என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன். வியாபாரத்தில் நல்ல சரக்கைப் பழுது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. உனக்காக இந்த ரவுட்டரை அப்படி அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ரொம்ப நாள் என்னால் முடியாது.

எந்தக் குறையும் அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், உனக்கு எங்கள் ஆசி எப்போதும் உண்டு. இது கைக்குக் கிடைத்த அன்றே கூப்பிடு, வேலை நேரமானாலும் பரவாயில்லை, போனை அப்பாவே எடுப்பார், நெட்டில் குறையில்லை என்று அவரிடம் நீயே சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா