அரணை இல்லை என்று எழுதிய கொப்பி

அண்ணை,

எழுத்துகள் கோணலாக நிற்கின்றன, பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபத்தொரு வயதில்தான் ஆனா ஆவன்னா எழுதப் பழகினேன். ரூ பஜோல் தெருக் கோயிலுக்குப் பக்கத்தில் ஞாயிறுகளில் வகுப்பு. இந்த ஒரு வரிக்குள்ளேயே தேநீர் ஆறிவிட்டது. ஆனால் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! கடைப் பலகைகளை எல்லாம் வாய்விட்டு வாசித்துக்கொண்டு நடக்கிறேன்.

போன கிழமை உங்கள் மகள் லா கூர்னெவ்விலிருந்து, நீங்கள் கண்மூடும்வரை வைத்திருந்த கொப்பியோடு வந்தாள். "எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, சித்தப்பா. அங்கை, நீங்கள் வேலை செய்த பூங்காவிலை, இப்பவும் ஓணான், பல்லி எண்ணுறவை இருக்கினமாம். அவைக்கு அனுப்பப்போறன். என்ன எழுதியிருக்கெண்டு சொல்லுங்கோ" என்றாள். திறந்தேன். நீங்கள் அளவுகோல் துடைக்கும் ஸ்பிரிட் இன்னும் மணக்கிறது.

ஏஜென்ட் எங்களைப் பாதி வழியில் விட்டுப்போன அந்த ஆப்பிரிக்க நாட்டில், தேசியப் பூங்காவில் வேலை கிடைத்ததே. மண்ணில் வாளிகளைப் புதைத்து வைப்போம். விழுந்த ஓணான், பல்லி, அரணை எல்லாவற்றையும் காலையில் நீங்கள் அளந்து எழுதி, அந்த இடத்திலேயே விடுவீர்கள். மாலையில் வாளிகளின் மூடியைத் திறந்து வைப்பது என் வேலை.

உங்களிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. அரணை கடித்தால் ஆள் தப்பாது என்று கேட்டு வளர்ந்தவன் நான். காலையில் நீங்கள் வருமுன் வாளிக்குள் தடியை இறக்கி, அரணைகளை மட்டும் ஏறவிட்டு விரட்டினேன். ஒரு கோடை முழுவதும்.

மழைக்குப் பிறகு ஒருநாள், கூடாரத்துக்குள் வந்த அரணையைப் பிடித்து என்னிடம் நீட்டினீர்கள்.

"பிடியடா."

"கடிச்சால்?"

"உன்னைக் கடிச்சால் அதுதான் சாகும்."

பிடித்தேன். குளிர்ந்து, மினுங்கி, என்னைவிடப் பயந்து துடித்தது. அன்றோடு விரட்டுவதை விட்டேன்.

அடுத்த கோடையில் மறுபடி வாளி புதைக்கும்போதுதான் பூங்கா எல்லைக்கு அப்பால் பருத்திக்குப் பூச்சி மருந்தடிக்கத் தொடங்கினார்கள். காற்றில் ஒரு கசப்பு வந்தது. கறையான் புற்றுகள் அடங்கின. வாளிகளில் சருகு மட்டும் கிடந்தது. நான் ஒன்றையும் விரட்டவில்லை, அண்ணை.

நீங்கள் கொப்பியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தீர்கள். "போன வருசமே அரணை இல்லையடா. அப்ப மருந்தும் இல்லை. எப்ப தொடங்கினது எண்டு தெரிஞ்சால்தான் ஏன் எண்டு தெரியும்." மேலே இருந்த அதிகாரிகளும் அதையே சொன்னார்கள்: மருந்தில் குற்றமில்லை. மருந்தடிப்பது நிற்கவில்லை. வேலை போய்விடும் என்று நான் வாய் திறக்கவில்லை. இங்கே வந்த பிறகும் திறக்கவில்லை.

இப்போது நான் விரட்டிய கோடையின் பக்கங்களை வாசிக்கிறேன். "அரணை இல்லை." அடுத்த பக்கம், "அரணை இல்லை." ஒருவரும் உதவாமல் நான் வாசித்த முதல் வசனம் அதுதான். ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் எழுதுகிறேன்: "இருந்தது. நான் விரட்டினேன்." ஒரு பக்கத்துக்கு ஒரு மாலை போகிறது. எழுதும் கையில் அந்தக் குளிர்ச்சி இன்னும் இருக்கிறது. முடிந்ததும் உங்கள் மகளுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டுவேன், என் வரிகளையும் சேர்த்து.

வருகிற ஞாயிறு வகுப்பு முடிந்து உங்களுக்கு எழுத உட்காரும்போது, மருந்தடித்த ஆண்டின் பக்கங்களுக்கு வந்திருப்பேன். நேற்றே ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். அங்கேயும் "அரணை இல்லை" என்றுதான் இருக்கிறது. ஓணானும் இல்லை, பல்லியும் இல்லை. அந்தப் பக்கங்களில் நான் திருத்த ஒன்றுமில்லை.